எருக்கம்பாலும் ஈஸ்னோபீலியாவும்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. வாக்கியம் கோணலாகப் போனால் படிப்பவர்கள்தான் நேராக்கிக்கொள்ள வேண்டும். மறதியும் இருக்கிறது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பேச்சிலும் நான் கூச்சக்காரிதான், நாலு பேர் இருந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் துணிந்து உட்கார்ந்திருக்கிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களைப் பற்றி. என் நாத்தனாருடைய கல்யாணம் அந்த அணுக்களால் நிற்கப் பார்த்தது. பிறகு அவற்றால்தான் நடந்தது. அதனால் எனக்கு அவற்றைத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மை குத்துகிறவர்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்த காலம். பாலக்காட்டு எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். நிலக்கடலை, சோளம், கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் கொஞ்சம் தென்னை. வீட்டில் என் மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். நாத்தனார் என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண். நினைத்தது வாயில் வந்துவிடும்.

அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றி, தை மாதம் கல்யாணம் என்று பேசியாகிவிட்டது. மழை விட்ட சமயத்தில் அவளுக்கு இருமல் வந்தது. பகலெல்லாம் ஒன்றுமில்லை, களை வெட்டுவாள், தண்ணீர் பாய்ச்சுவாள். விடிகிற நேரத்துக்குத் தொடங்கும். நெஞ்சுக்குள் பூனை உட்கார்ந்து கத்துவதுபோல ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருமுவாள். நான் முதுகைத் தேய்த்துவிடுவேன். சுக்கு, மிளகு, ஆடாதொடை, எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா விருந்தாக வந்து ஓர் இரவு தங்கினார். காலையில் காப்பியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

“ஏனுங்க அக்கா, புள்ளைக்கு இருமல் எத்தன நாளா இருக்குது?”

“பனிக் காத்துங்க. தொண்டை கட்டிக்கிச்சு” என்றார் என் மாமியார்.

“பனி எங்கூர்லயுந்தான் பெய்யுது. நான் சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்கூட்டுப் பெரியவரு சயத்துலதான் போனாரு. அந்த இருமலக் கேட்டுக் கேட்டு என்ற காது செத்துப்போச்சு. கார்த்திகைக்குள்ள ஒரு டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு, சயமில்லீன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. அதுக்கப்புறம் பந்தல் போடலாம்.”

“சயமா இருந்தா?”

அவர் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காப்பியைக் குடித்துவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினார்.

சயம், அதாவது காசநோய், என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால் அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டும் வரமாட்டார்கள். என் மாமியார் அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரத்தை இடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை மாமியார், நாத்தனார், நான் மூன்று பேரும் சித்தூருக்குப் பஸ் ஏறினோம்.

சித்தூரில் ஒரு டாக்டர், வீட்டிலேயே சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மலையாளத்துக்காரர், தமிழ் கேட்டால் புரியும். அவர் பேசியதை நான் தமிழாக்கியே எழுதுகிறேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சளியைக் கேட்டு வாங்கினார். பிறகு உள்ளறையில் இருந்த அம்மாவிடம் அனுப்பினார். ரத்தம், சளி எல்லாம் சோதித்துப் பார்ப்பது அந்த அம்மாதான். வெள்ளைச் சேலை, மூக்கில் கண்ணாடி, தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. “பேடிக்கண்டா மோளே” என்று, பயப்படாதே மகளே என்று, சொல்லிக்கொண்டே நாத்தனாருடைய முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் தோலோடு தோலாக ஒரு ஊசி போட்டார். சுற்றிலும் பேனாவால் ஒரு வளையம் வரைந்தார்.

“சயக் கிருமியோட சத்துதான் இது. உயிர் கிடையாது. உடம்பு அந்தக் கிருமிய முன்னாடி பார்த்திருந்தா ரெண்டு நாள்ல இங்க கட்டியாத் தடிக்கும். தொடக் கூடாது, சொறியக் கூடாது. மூணாம் நாள் வா, ரத்தமும் அன்னிக்கு எடுக்கலாம்.”

நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். மாமியாருக்கும் எனக்கும் புரிந்தது ‘மூணாம் நாள் வா’ என்பது மட்டும்தான்.

மறுநாள் சாயந்திரம் ஊசி போட்ட இடத்தில் கடுகளவு ஒரு மேடு தெரிந்தது. மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. வேலிமுள் காலில் ஏறி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் ஊசியால் கிளற மாட்டோம். எருக்கம் இலையைக் கிள்ளி வருகிற பாலை அந்த இடத்தில் இரண்டு வேளை வைப்போம். தோல் வெந்து பழுத்து, முள் தானாக மேலே வந்துவிடும். என் மாமியார் அதில் கைராசிக்காரர் என்று பேர். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நொண்டிக்கொண்டு வருவார்கள்.

“ஊசி மருந்து உள்ள எறங்காம நின்னுபோச்சு பாரு. முள்ளாட்டத் திரண்டு நிக்குது. இத எடுத்துப்போடோணும்” என்றார்.

“அந்தம்மா தொடக் கூடாதுன்னாங்கல்லம்மா?” என்றாள் நாத்தனார்.

“அவியளுக்கு ஊசி குத்தத்தான் தெரியும், எடுக்கத் தெரியுமா? கையை நீட்டு.”

பால் வைத்தார். காலையில் மறுபடியும் வைத்தார். மூன்றாம் நாள் நாங்கள் பஸ் ஏறும்போது அந்த வளையம் இருந்த இடமே தெரியவில்லை. உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று வீங்கி, ஓரத்தில் நீர்க் கொப்புளம் கட்டியிருந்தது. மாமியாருக்குத் திருப்தி. “பாத்தியா, மேல வருது” என்றார். பஸ்ஸில் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கைவைத்தியம்னா டாக்டருமாருக்குப் புடிக்காது. ஆரும் வாயத் தொறக்காதீங்க.”

டாக்டர் கையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார்.

“சளியில் கிருமி இல்லை. ஆனால் கை இவ்வளவு தடித்திருக்கிறது. கட்டி எது, வீக்கம் எது என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. சயம் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பாலக்காட்டுக்கு எழுதித் தருகிறேன், அங்கே சேர்த்து வைத்தியம் பண்ணட்டும்.”

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

“இதில் எதையாவது தேய்த்தீர்களா?” என்று கேட்டார்.

மாமியார் தரையைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். நாத்தனார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

“எருக்கம்பாலுங்க!” என்றாள். “முள்ளெடுக்கற மாதிரி எங்கம்மா வெச்சாங்க. ரெண்டு வேளை. எனக்குச் சயமில்லீங்க, எரியுதுங்க!”

டாக்டர் பேனாவை மூடினார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். உள்ளறையிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினார். அந்த அம்மா தலையில் கைவைத்து, “என்றெ ஈஸ்வரா, நான் போட்டது முள்ளா?” என்றார். அந்தக் கையை வைத்து இனி ஒன்றும் சொல்ல முடியாது, ரத்தம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்றார் டாக்டர். மாமியார் எழுந்து வரவில்லை. என்னைத்தான் உள்ளே போகச் சொன்னார்.

அந்த அம்மா விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் இழுத்தார். தோசைக்கல்லில் மாவை மெல்லிசாக இழுப்பதுபோல அது பரவியது. காய்ந்ததும் மேலே ஊதாச் சாயம் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கழுவினார். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்தார். ஒரு காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகள் நிறைந்துகொண்டே போயின.

“நங்கையா, அவங்களக் கேளுங்க, என்ன எழுதறாங்கன்னு” என்று நாத்தனார் என்னை இடித்தாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவளே கேட்டாள்.

அந்த அம்மா எழுந்து, “வா, நீயே நோக்கு” என்று இடம் விட்டார். அவள் பார்த்தபின் நானும் பார்த்தேன். அதுவரை ரத்தம் என்றால் சிவப்புத் தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் பொட்டுக் கடலை கொட்டினதுபோல ஒரே வட்டங்கள். அவைதான் சிவப்பணு. அவற்றுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகப் பெரிதாக, நடுவில் ஊதாக் கரு வைத்த வேறு சில. அவைதான் வெள்ளையணு. சாயம் போட்டால்தான் அவை தெரியுமாம்.

ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திக் காட்டினார். சிலவற்றில் கரு மூன்று நான்கு துண்டாகக் கொத்தவரைபோலக் கோத்துக் கிடந்தது. வழக்கமாக ரத்தத்தில் இவைதான் அதிகமாம். எங்கேயாவது கிருமி புகுந்தாலும், தோல் வெந்தாலும் முதலில் ஓடி வருவது இவை. கிருமியை விழுங்கும். ஒரு நாள் இரண்டு நாளில் செத்தும் போகும். புண்ணில் சீழ் வருகிறதே, அது பெரும்பாலும் இவற்றின் பிணம் என்றார். சீழைக் கண்டால் முகத்தைச் சுளிப்பவள் நான். வைக்கோல் போரில் தீப்பிடித்தால் யாரும் கூப்பிடாமலே குடத்தோடு ஓடி வருகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

“இப்ப மோள்டெ கையில இருக்கிற வீக்கம் இவங்க வேலை” என்றார். “பால் பட்டுத் தோல் வெந்தது, ஓடி வந்தாங்க. ஊசி போட்டு நான் கேட்ட ஆளு இவங்க இல்ல.”

அவர் கேட்ட ஆள் வேறு. சின்னதாக, உருண்டையாக, கருவே உடம்பை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. அதற்கு ஞாபகம் உண்டாம். ஒரு முறை பார்த்த கிருமியை வருஷக்கணக்கில் மறக்காது. மறுபடி அந்தக் கிருமியின் வாசனை பட்டால், நிதானமாகச் சேர்ந்து வந்து அங்கே கூடும். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அதனால்தான் மூன்றாம் நாள் வரச் சொன்னாராம். அவை கூடினால் தொட்டால் கெட்டியாக இருக்கும், வெறும் சிவப்பு கணக்கில்லை. என் தோளில் இருந்த அம்மைத் தழும்பைத் தொட்டு, “இது குத்தினதும் இவங்களுக்குப் படிச்சுக் கொடுக்கத்தான்” என்றார். இந்த உருண்டைகளுக்குள்ளேயே பல வகை இருப்பதாக என் மகள் கல்லூரியில் படித்தபோது சொன்னாள். கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. சிலவற்றிலிருந்து வருகிறவை கிருமியைப் பிடிக்கிற பொருளைச் செய்து ரத்தத்தில் விடும். சில, கிருமி புகுந்து கெட்டுப்போன நம் சொந்த அணுவையே கொல்லும். சில மற்றவற்றை ஏவிவிடும்.

இன்னொன்று எல்லாவற்றிலும் பெரியது. கரு அவரைக்கொட்டைபோல வளைந்திருந்தது. அது ரத்தத்தை விட்டுச் சதைக்குள் போய் இன்னும் பெரிதாகி, செத்தது கெட்டது எல்லாவற்றையும் தின்று துப்புரவாக்குமாம். தின்றதில் ஒரு துணுக்கை எடுத்து உருண்டைகளுக்குக் காட்டுவதும் அதுதான் என்பது மகள் சொல்லித் தெரிந்தது. கருநீல மணிகள் மூடிய ஓர் இனம் உண்டு, தேடினாலும் அதிகம் கிடைக்காது என்றார் அந்த அம்மா. அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

“இனி உன் ஆளுங்களப் பாரு” என்று நாத்தனாரை மறுபடி உட்கார வைத்தார்.

கரு இரண்டே துண்டு. உடம்பெல்லாம் குங்குமப்பூ நிறத்தில் மணிமணியாக. எங்கே நகர்த்தினாலும் அவையே. “ஈஸ்னோபில்” என்றார். நூற்றுக்கு ரெண்டோ நாலோ இருக்க வேண்டியது, பாதிக்கு மேல் இருந்தது. அந்த அம்மாவின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் நிதானமாகச் சொன்னார். சயம் என்றால் ரத்தம் இப்படி இருப்பது அபூர்வம். இது ஈஸ்னோபீலியா. கொசுக் கடியில் நூலைவிட மெல்லிய ஒரு புழுவின் குஞ்சு உடம்புக்குள் போகிறது. அணுவைவிட அது எத்தனையோ மடங்கு பெரியது, எந்த அணுவாலும் விழுங்க முடியாது. அதற்காகத்தான் மணிக்காரர்கள். புழுவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, மணிகளை அதன் மேல் கொட்டுவார்கள். அந்த மணியில் விஷம். புழு சாகும். இந்தப் பெண்ணின் உடம்பு கொஞ்சம் புழுவுக்கு ரொம்ப ஆளை அனுப்பிவிட்டது. எல்லோரும் நெஞ்சில் கூடி நின்று மணியைக் கொட்டினால் நுரையீரலுக்கும் காயம்தானே. அதுதான் இருமலும் இழுப்பும்.

மாமியார் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப கெணத்து வெடியாட்டமுங்க.”

டாக்டருக்குப் புரியவில்லை.

“கெணறு வெட்டையில பாறை வந்தா வெடி வெப்பமுங்க. பாறையும் ஒடையும். கல்லுப் பறந்து வந்து எங்கூட்டு ஓட்டையும் ஒடைக்கும்.”

“அதேதான்” என்றார் டாக்டர். “ஓட்டில் விழுகிற கல்லைத் தடுக்க வேண்டுமென்றால் முதலில் பாறை போக வேண்டும்.”

மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதற்கு இருமல் அடங்கிவிட்டால் ஈஸ்னோபீலியாதான், அடங்காவிட்டால் பாலக்காடு. முதலில் சில நாள் காய்ச்சலும் வாந்தியும் வரலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது என்றார். கையில் பூச ஒரு களிம்பும் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது மாமியாரைப் பார்க்காமல் நாத்தனாரிடமே கொடுத்தார்.

காய்ச்சல் வந்தது. தலை சுற்றியது, சாப்பிட்டது நிற்கவில்லை, இருமலும் கூடியதுபோல இருந்தது. “மருந்தா இது, உசுரெடுக்கற விஷமா?” என்று மாமியார் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். நாத்தனார் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எட்ட முடியாமல் கூடையை உடைத்தாள்.

“அம்மா, உன்ற வெடி இன்னும் வெடிக்கட்டும், உடு. பாதியில நிறுத்துனா கெணறு பாதிக் கெணறுதான்.”

மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏணியை எடுத்து வந்தார்.

ஒரு வாரம் போவதற்குள் காய்ச்சல் விட்டது. பிறகு ஒரு காலையில் நான் விழித்தபோது வெயில் வந்திருந்தது. பதறி எழுந்து பக்கத்தில் பார்த்தேன். அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இருமி என்னை எழுப்பாத முதல் விடியல் அது. நான் அவளை எழுப்பவில்லை. பால் கறக்க நானே போனேன்.

கார்த்திகைக் கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும் வந்தார். மாமியார் புழு, மணி, வெடி எல்லாவற்றையும் கையை ஆட்டிச் சொன்னார். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

“நெஞ்சுக்குள்ள புழுவுங்களா? நான் எங்கயும் கேட்டதில்லீங்க. டாக்டரு சொன்னா ஆச்சா? நான் ராத்திரி இருந்துட்டே போறேன்.”

நாத்தனாருக்குப் பக்கத்தில் அவருக்குப் பாய் போட்டோம். நான் அன்று அடுப்படியில் படுத்தேன். பயத்தில் எனக்கே தொண்டை கரகரத்தது, வாயைச் சேலையால் மூடிக்கொண்டேன். எப்போது கண் அசந்தேனோ தெரியாது.

காலையில் காப்பி கொண்டுபோனேன். மாமியார் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“ராத்திரி இருமல் கேட்டுச்சுங்களா?” என்றார்.

“கேட்டனுங்க.”

மாமியாருக்கு முகம் செத்துப்போனது.

“விடியறப்ப நாலஞ்சு வாட்டி கேட்டேன்” என்றார் அவர். “என்ற இருமலுங்க. உங்க புள்ள ஒரு வாட்டி எந்திரிச்சு எனக்குத் தண்ணி குடுத்துப்போட்டு, படுத்ததும் கொறட்ட உட்டுருச்சு. கொறட்டைக்கு என்ன மாத்திர குடுப்பீங்க?”

உள்ளேயிருந்து நாத்தனார், “அது பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க!” என்று கத்தினாள்.

அவர் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். பிறகு தணிந்த குரலில், “ஏனுங்க அக்கா, அந்த மஞ்ச மாத்திர மிச்சமிருக்குதுங்களா?” என்றார்.

“அதெல்லாம் குடுக்கப்படாதுங்க” என்றார் என் மாமியார், பெரிய டாக்டர்போல. “மொதல்ல ரத்தம் பாக்கோணும். ஊசி போட்டா அந்த எடத்த ஆரும் தொடக் கூடாது.”

அன்றைக்கே மாமியார் அவரையும் சித்தூருக்கு அழைத்துப் போனார். அவருக்கு மணிக்காரர்கள் அதிகமில்லை, வேறு மருந்துதான் கொடுத்தார் டாக்டர். திரும்பி வரும் வழியிலேயே பந்தலுக்கு எத்தனை கீற்று என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்களாம். தை மாதம் கல்யாணம் நடந்தது. நாத்தனாருடைய கையில் வெந்த தோல் ஆறி, புதுத் தோல் வெளுப்பாக இருந்தது. வளையலை மேலே ஏற்றிப் போட்டுவிட்டேன்.

அணுக்களைப் பற்றி நான் எழுதியது ஒரு நாள் கண்ணாடியில் பார்த்ததும், மகள் வாய்ச்சொல்லும்தான். எந்தக் கரு எதற்கு என்று ஓரிடத்தில் மாற்றி எழுதியிருக்கலாம். சதைக்குள் போன பிறகு அந்தப் பெரிய அணுவுக்கு வேறு பெயர் வருமாம், அது எனக்கு நினைவில்லை. கருநீல மணிக்காரர்களுடைய வேலை என்ன என்றும் கேட்காமல் விட்டுவிட்டேன். இதை அச்சில் போடுவதற்கு முன், டாக்டருக்குப் படித்தவர்களோ பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்துகிறவர்களோ யாராவது ஒருவர் ஒரு முறை படித்து, தப்பிருந்தால் அடித்துச் சரியாக எழுதிக் கொடுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.